கல்வெட்டில் விடுபட்ட பெயர்

தம்பி,

நீ படிக்கவென்று மொன்றியலை விட்டு ரொறன்ரோவுக்குப் போய் ஒரு கிழமையாகிறது. இன்றைக்குத்தான் உன் அறையைக் கூட்டினேன். மேசைக்குக் கீழே அம்மப்பாவின் நினைவுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகம் ஒரு கட்டு, நூல்கூட அவிழ்க்காமல் கிடந்தது. அதற்கு மேல் நீ புதிதாக வாங்கிய சப்பாத்தின் வெறும் பெட்டி. பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, கட்டை மடியில் வைத்துக்கொண்டு உன் கட்டிலில் இருந்தேன். கோபம் வந்தால் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். மற்றவர்கள் கத்துகிற நேரத்தில் நான் எழும்பிப் போய்க் கோப்பை கழுவுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஐந்தாம் ஆண்டோடு விட்டுவிட்டாய். மெதுவாக வாசிக்கிறவன் ஒரு வரியில் கொஞ்ச நேரமாவது நின்றாக வேண்டும். எனக்கு அது வேண்டும். இதையும், கேட்டதை எழுதித் தரும் அந்த ஏ.ஐ. இயந்திரத்தில் போட்டுப் பிரெஞ்சில் சுருக்கித் தரச் சொல்வாயோ தெரியாது. சொன்னால், "உங்கள் அம்மா மனவருத்தத்தில் இருக்கிறார்" என்று மரியாதையாக ஒரு வரி தரும். அது பிழையான வரி இல்லை. அது எப்போதும் பிழையில்லாமல்தான் எழுதுகிறது. இந்தக் கடிதத்தை எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கப் போகிறேன். உன் மாமாவும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

அம்மப்பாவின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டை நினைத்துப் பார். லாசாலில் அந்த நிலக்கீழ் மண்டபம், நீள மேசைகள், வாசலில் கல்வெட்டு அடுக்கிய பெட்டி. சனம் புத்தகத்தை வாங்கி, என் அப்பாவின் படத்தைப் பார்த்து "நல்ல வடிவா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கீழே விரித்துக்கொண்டிருந்தது. உன் மாமா நல்ல சந்தோசத்தில் இருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் உன்னைக் காட்டிச் சொன்னார்.

"இவனுக்கு யூனிவேர்சிற்றியில ஹிஸ்டரி படிக்க இடம் கிடைச்சது, தெரியுமோ? நல்ல காலம், கடைசி நேரத்தில புத்தி வந்து கொம்பியூட்டருக்கு மாறிட்டான்."

"ஏனடா தம்பி, நீதானே அதுக்குத் துள்ளிக்கொண்டு நிண்டனி?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"இல்லை அங்கிள்," என்றாய் நீ. "எனக்கு அம்மா மாதிரி என்ட் அப் பண்ண விருப்பமில்லை."

மேசை முழுக்கச் சிரித்தது. உன் மாமா உன் முதுகில் தட்டினார். நான் உனக்குப் பின்னால் பாயாச வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். நீ காணவில்லை. "பாயாசம் போடட்டே, தம்பி?" என்று கேட்டேன். நீ திரும்பிப் பார்க்காமலே, "கொஞ்சமா" என்றாய். கொஞ்சமாகத்தான் போட்டேன்.

அம்மா மாதிரி என்றால் என்னவென்று நானே சொல்கிறேன். நீ சொன்னதைவிட இன்னும் சரியாகச் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் முதலில் போனவள் நான். இளவயதிலேயே உன்னைப் பெற்றேன். காலையில் உன்னைக் கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, உன் பால் மணக்கும் மேற்சட்டையோடு மெட்ரோவில் ஏறிப் போய் வரலாறு படித்தேன். பட்டம் வாங்கினேன். இன்றைக்கு ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் இருந்து போன் எடுக்கிறேன். "பல்லுக் கொட்டிலில போன் தூக்கிறதுக்கு ஹிஸ்டரி டிகிரி" என்று உன் மாமா சொல்லும் பகிடிக்கு நீயும் சிரித்து வளர்ந்தவன். எனக்கே சில நாட்களில் அந்தப் பகிடி பிடிக்கும்.

வரலாறு படித்தால் வேலை கிடைக்கும் என்று நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பல்கலைக்கழகங்கள் அப்படிச் சொல்லித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகின்றன. சிந்திக்கத் தெரிந்தவர்களை நிறுவனங்கள் தேடித் திரிகின்றனவாம். என்னை ஒருவரும் தேடி வரவில்லை. இந்தப் படிப்பு மனிதரை நல்லவராக்கும் என்றும் சொல்லமாட்டேன். ஏழைகளுக்கும் அகதிகளுக்கும் நடந்த அநியாயங்களைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகக் கதைத்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு தவணை முழுக்க இருந்தேன். அவர்களில் ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும், ஆனால் கூச்சம் எந்த மொழியிலும் கூச்சம்தான். ஆகவே உனக்கு விற்க என்னிடம் ஒன்றும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மிச்சத்தை நீ நம்புவாய்.

எங்கள் சனத்துக்கு நான் இரண்டு விதமாகப் பயன்பட்டேன். ஒன்று, பயமுறுத்த. பல்கலைக்கழகத்துக்கு முந்திய சீஜெப் படிப்பை முடிக்கப்போகும் பிள்ளை யாராவது இலக்கியம், தத்துவம், ஓவியம் என்று வாய் திறந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயும் தகப்பனும் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். உனக்கு நினைவிருக்கும், நீதான் கதவு திறப்பாய். முதல் தடவை ஒரு தாய் குசினிக்குள் வந்து, "தங்கச்சி, எங்கட பிள்ளையோட கொஞ்சம் இரு" என்றார். "நான் என்னக்கா சொல்லுறது?" என்று கேட்டேன். "ஒண்டும் சொல்ல வேண்டாம். சும்மா நீ இருந்தாலே காணும்" என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இருந்தேன். அந்தப் பிள்ளை என்னையும் எங்கள் பழைய சோபாவையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அது பார்மசி படித்ததாகக் கேள்விப்பட்டேன்.

மற்றது, சாவு வீட்டுக்கு. யாராவது செத்தால் அதே சனம் எனக்குத்தான் போன் எடுக்கும். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். படமும் தேவாரமும் போட்டாயிற்று, செத்தவரின் வாழ்க்கையை எழுத ஆள் வேண்டும். "நீதான் எழுதவேணும், நீ படிச்சனி" என்பார்கள். அந்த முப்பது நாளைக்கு மட்டும் நான் படித்தவள். போவேன். "அவர் எப்பிடிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: அன்பானவர், பண்பானவர், எல்லாரோடையும் சிரித்துப் பழகுவார். நான் எழுதாமல் பேனையை வைத்துக்கொண்டு இருப்பேன். வாய் வராதவளுக்கு ஒரு நன்மை இருக்கிறது. மற்றவர்கள் அந்த வெறும் நேரத்தைத் தாங்க முடியாமல் கதைக்கத் தொடங்குவார்கள். "அவருக்கு எதில கோபம் வரும்?" என்று ஒரு அம்மாவைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "றேடியோவை ஆரும் தொட்டா" என்றார். சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறியது. அதை எழுதினேன். அந்தப் பக்கத்தை அவர் இப்போதும் சாமித்தட்டில் வைத்திருக்கிறார்.

இன்னொருவரைப் பற்றி எழுதும்போது, அவர் உணவகமொன்றில் இருபது வருசம் தட்டுக் கழுவி நாலு தங்கைகளைக் கரைசேர்த்தார் என்று எழுதிவிட்டேன். அந்த வீட்டார் "வர்த்தகர்" என்று போடுவதாக இருந்தார்களாம். உன் மாமாவுக்கு அவர்கள் வேண்டப்பட்டவர்கள். அன்றிலிருந்து அவருக்கு என் எழுத்தில் பயம். "உவள் எல்லாத்தையும் கிண்டிக் கிண்டிக் கேட்டு எழுதிப்போடுவாள்" என்று என் காது படவே சொன்னார்.

ஆகவே என் சொந்த அப்பா செத்தபோது என்னிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டார். எனக்கு அது தெரிந்தபோது புத்தகம் அச்சில் இருந்தது. "என்னட்ட அப்பான்ர குரலே பதிஞ்சு கிடக்கு, அண்ணை" என்றேன். "அதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க இப்ப ஆருக்கு நேரம்? பெடியன் அஞ்சு நிமிசத்தில செய்து தந்திட்டான். நீயெண்டால் ஒரு மாசம் இழுப்பாய்" என்றார். நீ பக்கத்தில் நின்று அடக்கமாகச் சிரித்தாய். மாமா வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தியை இயந்திரத்துக்குக் கொடுத்தாய். அது அழகான தமிழில் மூன்று பக்கம் தந்தது. உன்னால் தடக்காமல் வாசிக்க முடியாத தமிழ். நீ அதை ஒரு தடவையாவது முழுவதும் வாசித்தாயா என்று கேட்க எனக்கு விருப்பமில்லை. பதில் தெரியும்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. மண்டபத்தில் ஒருவர் எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசித்தார், எல்லாரும் தலையாட்டினார்கள். "கனடாவின் கடுங்குளிரையும் பொருட்படுத்தாது, கிடைத்த தொழிலை அயராது ஆற்றிய உத்தமர்." எங்கள் வீட்டுப் பகிடி உனக்குத் தெரியும்தானே? அம்மப்பா கனடாவுக்கு வந்து முதல் வேலையை ஒரே நாளில் விட்டுவிட்டு ஓடி வந்த கதை. உறைந்த சாப்பாடு அடைக்கிற ஃபக்டரி, குளிர் அறை, மத்தியானத்துக்கு முன்னமே அப்பா கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு வந்தது. பிறந்தநாள் வீடுகளில் உன் மாமா அதை நடித்தே காட்டுவார், பற்கள் கிடுகிடுக்க. அப்பாவும் இருந்து சிரிப்பார். அந்தப் பகிடிக்காவது அந்தப் புத்தகத்தில் மரியாதை கொடுத்திருக்கலாம்.

மூன்றாம் பக்கத்தில் பிள்ளைகள். அன்புத் தந்தையும் என்று முடிகிற அந்த வரியில் உன் மாமாவின் பெயர், பிறகு என் பெயர். அவ்வளவுதான். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாமல் இருக்கலாம்: செத்துப்போன பிள்ளைக்கும் அந்த வரியில் இடம் உண்டு. காலஞ்சென்ற என்று எழுதி, பிறகு பெயர். எந்த வயதில் செத்தாலும் போடுவார்கள். பிள்ளை பிள்ளைதான். எனக்கு ஒரு அக்கா இருந்தாள். வீட்டுக்கு மூத்தவள். ஊரில் சண்டை மூண்டு நாங்கள் இடம்பெயர்ந்து போய் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த காலத்தில் காய்ச்சல் வந்து செத்தாள். நான் அப்போது பாலர் வகுப்பு. மாமாவுக்கு என்னைவிட வயது கூட; அவருக்கு எல்லாம் நினைவிருக்கும்.

சாப்பாடு முடிந்து, அவர் காரில் சட்டிகளை ஏற்றும்போது போய் நின்றேன்.

"அண்ணை, அக்கான்ர பேர் இல்லை."

"எதில?"

"மூண்டாம் பக்கத்தில."

அவர் சட்டியைக் கீழே வைக்கவில்லை. "பக்கம் நிறைஞ்சிட்டுது, தங்கச்சி."

"கடைசிப் பக்கம் முழுக்கக் கொம்பனி விளம்பரம் கிடக்கு."

"அவங்கள்தானே சும்மா அடிச்சுத் தந்தவங்கள். அதை விடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவள் செத்து எவ்வளவு காலம். பேரைப் போட்டா எப்பிடிச் செத்தவள் எண்டு கேப்பினம், பேந்து அந்தக் கதையெல்லாம் எடுக்கவேணும். சனம் சாப்பிட வந்தது, அழ வரேல்லை. என்ன, ஏதும் குறையெண்டால் பெடியனைக் கேள். அவன்தானே செய்தவன்" என்றார். காரின் பின்கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் உன்னைக் கேட்டேன். நீதான் கார் ஓட்டினாய். "அம்மா, மாமா வொய்ஸில சொன்னதைத்தான் போட்டனான். அவர் ரெண்டு பிள்ளையள் எண்டார்" என்றாய். "எனக்கு ஒரு அக்கா இருந்தவ எண்டு உனக்குத் தெரியாதோ?" என்றேன். சிவப்பு விளக்கில் நின்றோம். நீ யோசித்தாய். "ஓ... சாமித்தட்டில இருக்கிற அந்தப் படம்?" என்றாய். ஓம், அந்தப் படம்தான். ஏழு வயதில் கதிரை வைத்து ஏறி அந்தப் படத்தைக் கையில் எடுத்து, "இது நீங்களா அம்மா?" என்று கேட்டவன் நீ. அக்கா என்று அப்போதே சொன்னேன். விளக்குப் பச்சையானது. நீ காரை எடுத்தாய். "சொறி அம்மா" என்றாய். பெயர் என்ன என்று நீ கேட்கவில்லை.

இந்தப் படிப்பு எனக்கு என்ன தந்தது என்று இனிச் சொல்லலாம். முதலாம் ஆண்டில் எங்கள் சனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். மொன்றியல் தமிழர்கள் கடும் உழைப்பாளிகள், குடும்பப் பற்றுள்ளவர்கள், கல்வியைக் கடவுளாக மதிப்பவர்கள். பக்கம் பக்கமாக அப்படித்தான். எங்களுக்குப் படிப்பித்த பேராசிரியை ஓய்வு பெறும் வயதில் இருந்தார், வகுப்பு முழுக்க இருமிக்கொண்டே இருப்பார். என் வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் "யார் சொன்னது?" என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கத்திலும் அதே கேள்வி. கடைசியில் மட்டும் வேறு கேள்வி: "யாரைச் சொல்லவில்லை?" எனக்கு அழுகை வந்தது. எங்கள் சனத்தை நம்ப மறுக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு கிழமை அவரை மனதுக்குள் திட்டினேன். பிறகுதான், நான் எழுதியதில் எனக்குத் தெரிந்த ஒரு மனிதர்கூட இல்லை என்பதைக் கண்டேன். அப்பா இல்லை. அம்மா இல்லை. நான்கூட இல்லை.

பிறகு அவர் ஒரு வேலை தந்தார். இதுவரை யாரும் எதுவும் கேட்காத ஒருவரிடம் போய்க் கேளுங்கள் என்றார். நான் அப்பாவிடம் போனேன். அந்தச் சண்டைக் காலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் கதைப்பதில்லை. கேட்டால் அப்பா எழும்பிப் போய் பல்கனியில் நிற்பார். ஆனால் இது படிப்பு விசயம். படிப்பு என்று சொன்னால் அப்பா எதையும் செய்வார். அன்று முகம் வழித்து, வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு குசினி மேசையில் வந்து இருந்தார், யாரோ பெரியவர் வரப்போவது போல. ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்து, "இதைப் புரொபெசர் கேப்பாவோ?" என்றார். கேட்பார் என்றேன். "அப்ப வடிவாக் கதைக்கவேணும்" என்று தொண்டையைச் செருமினார். கொஞ்சம் பொறுத்து, "பதில் சொல்லாட்டி மார்க்ஸ் குறைப்பினமோ, பிள்ளை?" என்று கேட்டார். "குறைப்பினம் அப்பா" என்றேன். பொய்தான். அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

பிறந்த ஊர், பள்ளிக்கூடம், கலியாணம் எல்லாம் சொன்னார். பிறகு நான், "இஞ்ச வந்து முதல் வேலையை ஏன் அப்பா ஒரு நாளில விட்டனீங்கள்?" என்று கேட்டேன். பகிடிக்கதையை அவர் வாயாலே கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். உனக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். மேசைக்கடியில் ஒரு கரண்டியால் நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தாய். அது அந்தப் பதிவில் முழுக்கக் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து நீ, "ஐஸ்கிறீம், ஐஸ்கிறீம்" என்று அடம்பிடிக்கத் தொடங்கினாய். அப்பா எழும்பிப் போய், குளிர்ப்பெட்டியின் மேல்தட்டுக் கதவைத் திறந்து, எடுத்து உன் கையில் தந்தார். திரும்ப வந்து இருந்தார்.

"கொக்காவும் கேட்டவள்," என்றார். என் அக்காவைத்தான் சொன்னார். "காய்ச்சலில கிடந்து ஐஸ் கேட்டவள். ஐஸ் பழம் இல்லாட்டியும் பறவாயில்லை அப்பா, வெறும் ஐஸ் காணும் எண்டவள். கரண்ட் இல்லாத ஊரில நான் ஐஸுக்கு எங்க போறது? நாளைக்கு வாங்கித் தாறன் எண்டன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு எண்டுதான் சொன்னனான்." உன் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது; நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "இஞ்ச வந்து முதல் நாள் அந்த ஃபக்டரியில ஒரு அறை முழுக்க ஐஸ், பிள்ளை. சுவரெல்லாம் ஐஸ். சுரண்டி அள்ளிக்கொண்டு போய் வெளியில கொட்டு எண்டாங்கள். கொட்டச் சொன்னாங்கள், பிள்ளை."

பதிவின் கடைசியில் அப்பாவின் குரல்: "இது காணுமோ, மார்க்ஸுக்கு?"

காணும் அப்பா என்றேன். அந்தக் கட்டுரையின் ஓரத்தில் மட்டும் அந்தப் பேராசிரியை ஒன்றும் எழுதவில்லை. அப்பா பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறந்தநாள் வீடுகளில் மாமா பற்கள் கிடுகிடுக்க நடித்துக் காட்டும்போது முன்னைப்போலவே இருந்து சிரித்தார். ஆனால் சிரித்தபடி ஒருமுறை என்னைப் பார்ப்பார். கடைசி வரைக்கும் அப்படித்தான். அந்தப் பார்வைக்குத்தான், தம்பி, நான் மூன்று வருசம் மெட்ரோவில் போய் வந்தேன். வேறு எந்தப் படிப்புப் படித்திருந்தாலும் அந்த மேசையில் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கமாட்டேன். கேட்டிருந்தாலும் அப்பா எழும்பிப் போயிருப்பார்.

இதையெல்லாம் மாமாவிடமும் உன்னிடமும் முன்னமே சொல்லியிருக்கலாமே என்பாய். ஒலிப்பதிவு இருக்கிறது என்று உன் மாமாவிடம் சொல்லாத வருசம் இல்லை. "பேந்து கேப்பம், பிறகு கேப்பம்" என்பார். அந்தப் பேந்துக்குள் அப்பா செத்துப்போனார். இப்போது அவர் கடுங்குளிரைப் பொருட்படுத்தாத உத்தமர். அந்த வரியை எழுதியதற்காக இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம், மனிதர்கள் செத்தவர்களைப் பற்றி வழக்கமாக என்ன சொல்வார்கள் என்பதுதான். நாங்கள் காலம் காலமாகச் சொல்லிவந்த பொய்களை அது ஒழுங்காகத் திருப்பித் தந்தது. "யார் சொன்னது?" என்று அது கேட்காது. கேட்டிருக்க வேண்டியவன் நீ.

உன்னை வரலாற்றுக்குத் திரும்பி வா என்று நான் கூப்பிடவில்லை. நீ கொம்பியூட்டர் படி. அதில் கெட்டிக்காரனாக வருவாய், நல்ல வீடு வாங்குவாய். நான் அதை உண்மையாகவே விரும்புகிறேன். ஆனால் சீஜெப்பில் கடைசி ஆண்டில், கால்வாய்க் கரையில் இருந்த பழைய ஆலைகளில் வேலை செய்த முதியவர்களோடு கதைக்க உங்களை அனுப்பினார்களே, அந்தக் கிழமை முழுக்க நீ சாப்பாட்டு மேசையில் வாய் மூடவில்லை. சோறு ஆறியது தெரியாமல் கதைத்தாய். ஆலைச் சங்கு ஊதாத நாளில் தனக்கு நித்திரை வராது என்று ஒரு கிழவர் சொன்னதை அவரைப் போலவே சொல்லிக் காட்டினாய். உன் அப்பா என்னைப் பார்த்தார்; நான் உன்னைப் பார்த்தேன். உனக்கு எது பிடிக்கும் என்று அன்றைக்கு இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேறொன்று அதைவிடப் பிடித்ததால் நீ அதை விட்டிருந்தால் எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. நீ விட்டது என்னைப் பார்த்துப் பயந்து. சும்மா நீ இருந்தாலே காணும் என்று அந்தத் தாய் சொன்னார். அது என் பிள்ளைக்கும் போதுமானதாக இருந்திருக்கிறது. இதை நான் விழுங்கப் பழகவேண்டும். இன்னும் பழகவில்லை.

அம்மப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு நான் ஒரு சின்னப் புத்தகம் எழுதுகிறேன். விளம்பரம் இல்லை, உத்தமர் இல்லை. குளிர் அறையில் ஒரு நாள் வேலை செய்துவிட்டு நடந்து வீடு வந்த மனிதரைப் பற்றி. அதில் பிள்ளைகளின் பெயர் வருகிற வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை நீ எழுதவேண்டும். மாமாவின் பெயரும் என் பெயரும் உனக்குத் தெரியும். மூத்தவளின் பெயரை இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றே நான் எழுதவில்லை, நீ கவனித்தாயோ தெரியாது. என்னைக் கேட்காதே. உன் அப்பாவிடமும் பெயரை உனக்குச் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இயந்திரத்துக்கு அது தெரியாது. உலகத்தில் எந்தப் பக்கத்திலும் அவள் பெயர் இல்லை.

மாமாவுக்குப் போன் எடு. அவருடைய அக்காவின் பெயர் என்ன என்று கேள். அவர் உன் படிப்பைப் பற்றிக் கேட்பார், ரொறன்ரோவில் சாப்பாடு எப்படி என்பார், பேந்து எடுக்கிறன் என்பார். அப்போதும் போனை வைக்காதே. ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டு இரு. அந்த வெறும் நேரத்தை அவரால் தாங்க முடியாது. எனக்குத் தெரியும், அவர் என் அண்ணை. பெயரைச் சொல்லி முடிய அவர் அழுதால், அதற்கும் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லிவிடாதே.

இதற்கு மார்க்ஸ் இல்லை.

அம்மா